மழைக்காலத்தில் பன்னிரண்டு தாள்கள்: ஒரு கலப்பு அச்சுப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் பொது அச்சுக்கூடத்தில் நடந்த பணி இது. நான்கைந்து ஓவியர்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இந்தக் கூடத்தை நடத்துகிறார்கள். கையால் சுற்றும் ஒரு எட்சிங் பிரஸ் (பிளேட்டையும் தாளையும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி அச்செடுக்கும் இயந்திரம்), மை கலக்கக் கண்ணாடிப் பலகை போட்ட மேசை, தாள் ஊறவைக்கும் தொட்டி, காயவைக்கக் கயிறும் கிளிப்பும். பெரிய வசதி என்று சொல்ல முடியாது, வேலைக்குப் போதும். பொருள் வாங்குவதும் யாருக்கு எந்த நாள் பிரஸ் என்று ஒதுக்குவதும் என் பொறுப்பு. அதனால் இந்தப் பணியை முதல் நாளிலிருந்து கூடவே இருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஓவியர் நாற்பதுகளில் இருப்பவர். வேலூர்ப் பக்கம் பிறந்து, சென்னையில் ஓவியம் படித்து, திருமணத்துக்குப் பின் அல்சூரில் குடியேறியவர். பல வருடங்களாக அக்ரிலிக்கில் அரூப ஓவியம் வரைந்தவர், அச்சுக்கு வந்தது பிற்பாடுதான். பிரஸ்ஸைச் சுற்றியவர் ஸ்ரீராமபுரத்துக்காரர். ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவியர் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். உதவிக்கு ஒரு கல்லூரி மாணவி இருந்தார்.

வொயிட்ஃபீல்டில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு அலுவலகத்துக்காக அதன் உள் அலங்கார வடிவமைப்பாளர் 12 படங்கள் கேட்டிருந்தார். இரண்டு மாடிகளில் உள்ள கூட்ட அறைகளுக்கு. "அச்சுதானே, பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கும்" என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆயுத பூஜைக்கு அலுவலகம் திறப்பு. வேலை தொடங்கியது ஆகஸ்ட் கடைசியில். பெங்களூரில் செப்டம்பர்தான் பொதுவாக மழை மிகுந்த மாதம் என்பதை யாரும் அப்போது கணக்கில் வைக்கவில்லை.

படத்தின் அமைப்பு

ஓவியர் போட்ட திட்டம் நான்கு அடுக்கு கொண்டது. முதலில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளில் நீர்த்த அக்ரிலிக் வண்ணங்களைக் கையால் பரப்புவது. அதன் மேல் கொலாகிராஃப் பிளேட்டால் அச்சிடுவது. மரநாரை அழுத்திச் செய்த ஒரு எம்டிஎஃப் பலகையில் அட்டைத் துண்டு, நூல், மணல் போன்ற பொருள்களை ஒட்டி மேடுபள்ளம் உண்டாக்கி, பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பதுதான் கொலாகிராஃப். அடர்ந்த கறுப்பு வேண்டிய இடங்களில் பசையோடு கார்போரண்டம் என்ற சாணைத் தூளைத் தூவியிருந்தார். 1960களில் ஹென்றி கோயட்ஸ் என்ற அச்சுக் கலைஞர் வளர்த்தெடுத்த முறை இது. அந்தத் தூளின் சொரசொரப்பு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பைத் தரும்.

மூன்றாவது அடுக்கு, அதே பிளேட்டில் ரோலரால் இரண்டு நிறம் ஏற்றுவது. எண்ணெய் கூட்டி இளக்கிய மையைக் கெட்டியான ரோலரால் உருட்டினால் அது மேடுகளில் மட்டும் படியும். அதன் மேல் இறுகிய மையை மெத்தென்ற ரோலரால் அழுத்தி உருட்டினால், அது பள்ளங்களுக்குள் இறங்கும். ஏற்கெனவே இளகிய மை இருக்கும் மேடுகளில் ஒட்டாமல் விலகிவிடும். ஒரே பிளேட், ஒரே அழுத்தம், பல நிறம். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் அட்டெலியே 17 கூடத்தில் உருவான இந்த முறையில் முக்கியப் பங்கு கிருஷ்ண ரெட்டிக்கு உண்டு. சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்துவிட்டு ஐரோப்பா போனவர் அவர். நம் பக்கத்து மனிதர் ஒருவர் உலக அச்சுக்கலைக்குக் கொடுத்தது இது என்பதை, இந்த முறையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான்காவதாக, அச்சு காய்ந்தபின் மறுபடி அக்ரிலிக்கில் சில கைத்தீற்றல்கள்.

வண்ணம் கீழே, அச்சு மேலே என்ற வரிசையை அண்ணா ஆரம்பத்திலேயே கேள்வி கேட்டார். "முதல்ல அச்சு போட்டுட்டு, அப்புறம் கலர் வெச்சா என்னம்மா? ரிஜிஸ்டர் தொல்லையே இல்லையே." ரிஜிஸ்டர் என்றால் ஒரு அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு இடம் தவறாமல் பொருந்துவது. ஓவியர் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே வரும் மை பாதி ஒளிபுகும் மை. கீழிருக்கும் நிறம் அதன் வழியே தெரியும்போது வரும் ஆழம், அச்சின் மேல் வண்ணம் பூசினால் வராது. அந்த ஆழத்துக்காகத்தான் இந்தப் படமே என்றார். இது சரியான வாதம். பிறகு இத்தனை சிக்கல் வந்தும் அந்த வரிசையை அவர் மாற்றாததை நான் பிடிவாதமாகப் பார்க்கவில்லை.

கவனித்தவை

முதல் சோதனைப் படி அருமையாக வந்தது. தாள் லேசாகத்தான் ஈரமாக்கப்பட்டிருந்தது. நீல வண்ணத்தின் மேல் பழுப்பு மை விழுந்த இடத்தில் ஒரு பச்சை தானாகப் பிறந்தது. அந்த உற்சாகத்தில் 15 தாள்களுக்கும் வண்ணம் பரப்பி முடித்தார்கள். 12 படம், 3 உபரி.

அச்சு தொடங்கியதும் மூன்று குறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

முதல் குறை, தாளின் மேற்பரப்பு உரிந்தது. பிளேட்டிலிருந்து தாளைத் தூக்கும்போது சில இடங்களில் வண்ணமும் தாளின் நாரும் பிளேட்டோடு போயின. தாளில் வெள்ளைத் திட்டுகள். முதல் படிக்கு வராத இது, ஒவ்வொரு படிக்கும் கூடிக்கொண்டே போனது. இரண்டு தாள்கள் இப்படியே வீணாயின.

இரண்டாவது, விலகல். கீழே தீட்டிய வடிவங்களின் விளிம்பும் பிளேட்டின் கோடுகளும் சேர வேண்டிய இடத்தில் 3 மில்லிமீட்டருக்கும் மேல் விலகி நின்றன. எல்லாத் தாளிலும் ஒரே பக்கம் விலகியிருந்தால் பிளேட்டை நகர்த்திச் சரிசெய்திருக்கலாம். சிலவற்றில் நீளவாக்கில், சிலவற்றில் அகலவாக்கில் என்று மாறிமாறி வந்தது.

மூன்றாவது குறை பெரிதாகத் தோன்றவில்லை, ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். சோதனைப் படியின் மேல் வைத்த அக்ரிலிக் தீற்றல்கள் முதலில் முத்துமுத்தாகச் சுருண்டன. காய்ந்தபின் நகத்தால் கீறினால் ஏடு மாதிரி பெயர்ந்து வந்தன. எண்ணெய் மையின் மேல் நீரில் கரைத்த அக்ரிலிக் பிடிக்காது, அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் மை பிடிக்கும். ஓவியக் கல்லூரியில் எல்லோரும் கேட்ட விஷயம்தான். அச்சு மை என்பதும் எண்ணெய்ப் பொருள் என்ற நினைப்பு பலருக்கு வருவதில்லை.

காரணத்தைத் தேடியது

உரிவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மழைக்கால ஈரத்தில் அக்ரிலிக் முழுதாக இறுகவில்லை, அதனால்தான் வண்ணம் கழன்று வருகிறது என்றார் அண்ணா. மை மிகவும் இறுகி இழுக்கிறது என்று மாணவிக்குத் தோன்றியது. குளிர்ந்த நாட்களில் மை இறுகும் என்பது உண்மைதான். ஓவியர் தாளையே சந்தேகித்தார்.

இந்த இடத்தில் ஓவியர் செய்ததைத்தான் இந்த நிகழ்விலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். மூன்று காரணங்களுக்கும் மூன்று மருந்து போடாமல், பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நார் ஒட்டியிருந்தது பிளேட் முழுக்க இல்லை. அட்டைத் துண்டுகளின் ஓரங்களிலும் நூல் ஒட்டிய வரிகளிலும் மட்டும். கார்போரண்டம் பரப்பு சுத்தமாக இருந்தது. வண்ணம்தான் குற்றவாளி என்றால் வண்ணம் இருந்த எல்லா இடத்திலும் உரிந்திருக்க வேண்டுமே?

அப்புறம் இரண்டு சோதனைகள். மை தடவாத பிளேட்டின் மேல், வண்ணம் இல்லாத வெறும் ஈரத் தாளை வைத்து அழுத்தினார்கள். அதே இடங்களில் நார் ஒட்டியது. அடுத்து, வண்ணம் தீட்டிய ஈரத் தாளை, மை தடவிய வெறும் செப்புத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினார்கள். ஒன்றும் உரியவில்லை. வண்ணமும் மையும் தாளும் குற்றமற்றவை, பிளேட்தான் காரணம் என்று அன்று மாலைக்குள் தெளிவாகிவிட்டது.

அட்டையையும் நூலையும் ஒட்டியது மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால். அது நீர் பட்டால் மறுபடி இளகும். அதன் மேல் பூசியிருந்த காப்புப் பூச்சு மெல்லியது, மேடுகளின் ஓரங்களில் பூச்சு நிற்கவே இல்லை. முதல் படிக்குத் தாள் லேசான ஈரம், பிளேட்டும் காய்ந்து இருந்தது. அதன்பின் ஒவ்வொரு ஈரத் தாளும் கொஞ்சம் கொஞ்சமாக நீரை உள்ளே விட்டது. பிரஸ்ஸின் அழுத்தத்தில், இளகிய பசை தாளைப் பிடித்துக்கொண்டது. முதல் படி நன்றாக வந்ததே பிளேட் நலமாக இருப்பதற்குச் சான்று என்று எல்லோரும் நம்பிவிட்டதால், சந்தேகம் அங்கே போகத் தாமதமானது.

விலகலுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் அண்ணா. ஆஃப்செட் அச்சகத்தில் நாலு கலர் ஓட்டியவருக்குத் தாள் விரிவதும் சுருங்குவதும் அன்றாடப் பிரச்சினை. ஈரம் பட்டால் தாள், நார் ஓடும் திசையை விடக் குறுக்குத் திசையில் அதிகம் விரியும். பெரிய தாளிலிருந்து இந்த 15 துண்டுகளை வெட்டும்போது, வீணாகாமல் இருக்கச் சிலவற்றை நீளவாக்கிலும் சிலவற்றைக் குறுக்கிலும் வெட்டியிருந்தார்கள். ஓவியர் வண்ணம் தீட்டியது காய்ந்த தாளில், பிளேட்டின் அளவை வைத்து. ஊறவைத்ததும் தாள் பெரிதானது, வண்ண வடிவமும் கூடவே பெரிதானது, பிளேட் அப்படியே இருந்தது. அண்ணா ஒவ்வொரு தாளின் ஓரத்திலிருந்தும் ஒரு சின்னத் துண்டு கிழித்து, நனைத்து, எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்தார். தாள்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்தன. ஒரு அடுக்கில் எல்லாம் நீளவாக்கில் விலகியவை, மற்றதில் எல்லாம் அகலவாக்கில் விலகியவை.

எடுத்த முடிவுகள்

பழைய பிளேட்டைக் காயவிட்டு, அரக்குப் பூச்சு போட்டார்கள். தச்சர்கள் மர பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்துப் பயன்படுத்தும் அதே அரக்குதான். முன்பக்கம், பின்பக்கம், பலகையின் நான்கு ஓரங்கள் என்று பல மெல்லிய பூச்சுகள். ஒரே தடிமனாகப் பூசினால் கார்போரண்டத்தின் சொரசொரப்பு மூடிப்போய்க் கறுப்பு சாம்பலாகிவிடும் என்பதால் அங்கே மட்டும் மிக மெல்லிசாக. புதுப் பிளேட் செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. முதல் படியில் கிடைத்த மேடுபள்ளம் மறுபடி அப்படியே அமையாது என்று ஓவியர் மறுத்தார்.

தாளைத் தொட்டியில் ஊறப்போடுவதை நிறுத்தினார்கள். நீர் உறிஞ்சும் பிளாட்டிங் தாள்களை ஈரமாக்கி, அவற்றுக்கு நடுவே ஒன்று மாற்றி ஒன்று அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகை வைத்து ஒரு இரவு விட்டார்கள். அக்ரிலிக் இருக்கும் இடம் நீரை மெதுவாகக் குடிக்கும், வெறும் தாள் வேகமாகக் குடிக்கும். தொட்டியில் போட்டால் இரண்டும் ஏற்றத்தாழ்வாகி மை திட்டுத்திட்டாக விழும். இரவு முழுவதும் அடுக்கில் இருந்தால் ஈரம் சமமாகிவிடும். நீர் குறைவாக ஏறுவதால் விரிவும் குறைந்தது.

குறைந்ததே தவிர, முழுதாக நிற்கவில்லை. மீதி விலகலை ஓவியர் படத்தின் பக்கமிருந்து தீர்த்தார். விளிம்போடு விளிம்பு சேர வேண்டிய வடிவங்களின் ஓரங்களை, ஈரத் துணியும் மெல்லிய வண்ணமும் கொண்டு வெளியே இழுத்துக் கரைத்துவிட்டார். எங்கே கோடு விழுந்தாலும் பொருந்தும்படி ஆயிற்று. என் கண்ணுக்கு, முதல் சோதனைப் படியை விட இது நல்ல படம். கத்தரித்தது போன்ற விளிம்புகள் அந்த அச்சின் மென்மையோடு எப்போதும் கொஞ்சம் சண்டை போட்டன.

கடைசி அக்ரிலிக் தீற்றல்கள் கைவிடப்பட்டன. அதற்குப் பதில் வண்ண பென்சிலும் உலர் பாஸ்டலும். எப்படியும் கண்ணாடிக்குள் போகும் படங்கள் என்பதால் பாஸ்டல் உதிர்வது பிரச்சினை இல்லை.

வெளிறிய இரண்டாம் படிகளும் இதிலிருந்து பிறந்தன. ஒரு படி எடுத்தபின் மறுபடி மை போடாமல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினால் மங்கலான ஒரு படி வரும். பிளேட்டில் மீந்த மையை வீணாக்காமல் வெறும் தாளில் இப்படிச் சில எடுத்து, அவற்றின் மேல் ஓவியர் பாஸ்டலில் தீட்டினார். பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா தன் மோனோடைப்புகளின் (வெறும் தகட்டில் மையால் வரைந்து எடுக்கும் அச்சுகளின்) இரண்டாம் படிகளில் பாஸ்டல் தீட்டியது இப்படித்தான். ஆர்டருக்கு இவை தேவையில்லை, ஆனால் அந்த வாரங்களில் ஓவியரின் மனம் சோராமல் இருந்ததற்கு இவையே காரணம்.

கூடத்தின் பொறுப்பாளராக ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை அவசரத்தில் எண்ணெய் மை துடைத்த துணிகள் ஒரு மூலையில் குவிந்துகிடந்தன. இந்த மையில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். குவிந்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கலாம். மழை பெய்கிறதே என்று அலட்சியம் கூடாது. அன்றிலிருந்து மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அதில்தான் துணிகளைப் போடுகிறோம்.

எண் போடுவது பற்றிய பேச்சு

படங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது வடிவமைப்பாளர் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லையே என்றார். அப்புறம், பிளேட் ஒன்றுதானே, 1/12 முதல் 12/12 வரை எண் போட்டுவிடுங்கள், நிறுவனத்துக்கு அது போதும் என்றார்.

ஓவியர் தயங்கினார். வெறுமனே 3/12, அதாவது பன்னிரண்டில் மூன்றாவது படி, என்று எழுதினால், மற்ற பதினொன்றும் இதைப் போலவே இருக்கும் என்று வாங்குபவர் நம்புவார். கையால் வண்ணம் தீட்டிய இந்தத் தாள்களுக்கு அது பொருந்தாது. ஒரே பிளேட்டிலிருந்து வந்து, படிக்குப் படி வேறுபடும் பதிப்புக்கு உலகம் முழுவதும் அச்சுக் கலைஞர்கள் எண்ணோடு இ.வி. என்று குறிப்பார்கள். அதையே போடுவதாகவும், அடுக்குகளையும் பொருள்களையும் விவரித்து ஒரு தாள் ஒவ்வொரு படத்தோடும் தருவதாகவும் சொன்னார். பாஸ்டல் தீட்டிய வெளிறிய படிகளுக்கு, ஒவ்வொன்றும் தனிப்படம் என்பதால், 1/1.

இந்தப் பேச்சு ஆர்டர் எடுக்கும் அன்றே நடந்திருக்க வேண்டியது. அப்போது நடந்திருந்தால் விலையும் வேறாக இருந்திருக்கும். அச்சு என்று நினைத்துப் பேசிய விலைக்குள், ஒவ்வொரு தாளிலும் ஓவியத்துக்கான உழைப்பு போய்விட்டது. ஓவியர் பேசிய விலையை உயர்த்தவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் இளம் கலைஞர்கள் அதை வழக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பின்னர் நடந்தது

அரக்குப் பூசிய பிளேட்டில் உரிதல் நின்றுவிட்டது. வீணான இரண்டு போக, மீதி 13 தாள்களில் 12 நன்றாக வந்தன. ஒன்றில் மை கசிந்தது.

காய்வதுதான் இழுத்தடித்தது. எண்ணெய் மை நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. வெறும் தாளில் எண்ணெயின் ஒரு பகுதியைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். கீழே அக்ரிலிக் இருந்த இடங்களில் உறிஞ்ச வழியில்லை, அதனால் அங்கே மை பல நாள் பிசுபிசுத்தது. பழுப்பு மை சீக்கிரம் இறுகியது, அதிலுள்ள அம்பர் என்ற பழுப்பு மண் நிறமியின் மாங்கனீஸ் அதை விரைவுபடுத்தும். கார்பன் கறுப்பு இயல்பாகவே தாமதமாகக் காயும், இங்கே தடிமனாகவும் விழுந்திருந்தது. விரலால் தொட்டால் இறுகியது போல் இருந்தும், டிஷ்யூ வைத்து அழுத்தினால் கறை வந்தது.

ஃபிரேம் போடுபவர் உடனே போட்டுத் தருவதாகச் சொன்னார். வடிவமைப்பாளரும் அவசரப்பட்டார். ஓவியர் மறுத்துவிட்டார். முழுதாக இறுகாத மையை மூடிவைத்தால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் புகை போல் படியும், படத்தை மறுபடி பிரிக்க வேண்டிவரும் என்றார். அலுவலகம் ஆயுத பூஜை அன்று வெறும் சுவர்களோடு திறந்தது. வடிவமைப்பாளருக்கு வருத்தம், அதை மறைக்கவும் இல்லை. படங்கள் தீபாவளிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தன. நிறுவனம் இ.வி. குறிப்பை ஏற்றுக்கொண்டது. கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்த ஆறு ஒரு மாடிக்கும், அதிகம் வேறுபட்ட ஆறு இன்னொரு மாடிக்கும் போயின.

சில மாதம் கழித்து ஓவியர் போய்ப் பார்த்தபோது எதுவும் பெயரவில்லை. ஒரு படத்தில் மட்டும், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே வைக்க வேண்டிய இடைவெளிச் சட்டம் விடுபட்டு, வண்ணப் பகுதி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்ரிலிக் வெயில் காலத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏப்ரலுக்கு முன் பார்த்ததால் சரிசெய்ய முடிந்தது.

இனி மாற்றுபவை

கூடத்தில் கொலாகிராஃப் பிளேட் செய்பவர்கள் இப்போது வெள்ளைப் பசையை அரக்கால் முழுதாக மூடாமல் பிரஸ்ஸுக்குக் கொண்டுவருவதில்லை. மை தடவுவதற்கு முன் வெறும் ஈரத் தாளை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. செலவு ஒரு துண்டுத் தாள்தான். அந்த ஒரு அழுத்தத்தில் நன்றாக வந்தாலும், இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்து பார்க்கச் சொல்கிறார் அண்ணா. பசை இளக நேரம் வேண்டும்.

வண்ணம் தீட்டும் முன் தாளை ஒருமுறை நனைத்துக் காயவைப்பது, எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுவது, பின்பக்கம் பென்சிலால் நார்த் திசைக்கு ஒரு அம்புக்குறி போடுவது ஆகியவற்றை ஓவியர் தன் முறையாக்கிக்கொண்டார். வெட்டில் கொஞ்சம் தாள் வீணாகிறது. அதை விலையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்டர் எடுக்கும்போது வாங்குபவரிடம் இப்போது ஒரு பக்கக் குறிப்பு தருகிறார்: படிகள் எந்த அளவுக்கு வேறுபடும், எப்படி எண் போடப்படும், மழைக்காலத்தில் காய எத்தனை வாரம் கூடுதலாகும். அடுத்து வந்த ஒரு ஆர்டரில் இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் வேண்டும் என்று சொல்லி ஒருவர் விலகிக்கொண்டார். இன்னொருவர், வேறுபடட்டும் என்று சொல்லி, பிப்ரவரியில் அச்சிட ஒத்துக்கொண்டார். அந்தப் பணிக்கான தாள்கள் வெட்டியாகிவிட்டன. பிளேட்டுக்கு இரண்டாவது பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது.